மேலே இருந்த வரி

திரையில் மூன்று வரிகள் இருந்தன. வீட்டில் இருந்ததோ இரண்டே பேர்.

அப்பா — ஹால்.
வாலு — படுக்கையறை.
வாலு — படுக்கையறை.

பார்த்ததும் அவனுக்குப் பயமெல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. விடிந்தால் வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டவேண்டிய பக்கம் இது. பெற்ற ஒரே பிள்ளையை இரண்டாக்கிக் காட்டுகிற பக்கத்தை எவன் காசு கொடுத்து வாங்குவான்?

அவனுடைய கம்பெனி விற்கிற சரக்கு எளிமையானது. வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பட்டையைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அறையிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி சுவரில் ஒட்டியிருக்கும். பட்டை கட்டிய கை அந்த அறைக்குள் வந்ததும் கருவி சர்வருக்குச் சொல்லும், சர்வரில் இவன் எழுதிய ஸ்கிரிப்ட் டேட்டாபேஸில் அந்த ஆளின் வரியைத் திருத்தும், ஆள் வீட்டை விட்டு வெளியே போனால் வரியை எடுத்துவிடும், ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற அம்மா போனைத் திறந்தால் பிள்ளை எந்த அறையில் இருக்கிறது என்று தெரியும். சோதனைக்கு வேறு வீடு கிடைக்காததால் தன் வீட்டையே முதல் வீடாகப் போட்டிருந்தான். பெயர் கேட்ட இடத்தில் அப்பா, அம்மா, வாலு என்று வீட்டில் கூப்பிடுவதையே அடித்து வைத்தான். வாலு என்பது ஏழு வயது மகள். பள்ளியில் அவளுக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அவளுக்கு இரண்டு நாளாக ஜுரம். மனைவி நர்ஸ். ஊரார் ஜுரத்தை எல்லாம் பார்த்துக்கொள்ள டியூட்டிக்குக் கிளம்பியவள், செருப்பை மாட்டும்போது சொன்னாள்: "அவளப் பாத்துக்கங்க. கம்ப்யூட்டரப் பாத்துக்கச் சொல்லல."

"ரெண்டையும்தான் பாத்துக்கிறேன்."

"அதான் தெரியுமே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியே மழை வரப்போகிற சாயங்காலம். வானம் மூடிக்கொண்டு, நேரத்துக்கு முன்பே அறைகளுக்குள் இருட்டுக் கட்டியிருந்தது. மாடிப்படி விளக்கு யார் வீட்டுச் சுவிட்சிலோ எரிந்து அணைந்து எரிந்தது, பக்கத்துக் குடித்தனத்தில் துணி துவைக்கிற இயந்திரம் சுவரோடு சேர்ந்து முனகிக்கொண்டிருந்தது, ஃபிரிட்ஜ் நின்று பெருமூச்சு விட்டு மறுபடி ஓடியது. படுக்கையறையிலிருந்து மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம், டக், டக் என்று, இடையிடையே வாலு தனக்குத்தானே ஏதோ இழுத்துப் பாடுகிற சத்தம். ஜுரம் விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படி உட்கார்ந்து விளையாடமாட்டாள் என்று நினைத்துக்கொண்டான். ஒரு நிமிடம் எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் அவனுடைய வலது கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரே வரி இரண்டு முறை வந்தால் காரணங்கள் அதிகமில்லை. ஸ்கிரிப்டில் சுற்று இரண்டு தடவை ஓடியிருக்கலாம். டேட்டாபேஸில் டேபிள் என்கிற பட்டியல்கள் இரண்டைச் சேர்த்து எடுக்கிற கொயரியில், அதாவது அதனிடம் கேட்கிற கேள்வியில், ஏதாவது இரட்டித்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்தான். சுற்று ஒழுங்காக ஓடியது. சேர்க்கிற இடத்தை எடுத்துவிட்டு ஓட்டினான், அப்போதும் இரண்டு வாலு. கடைசியில் கொயரியில் 'டிஸ்டிங்க்ட்' என்ற சொல்லைச் சேர்த்தான். ஒரே மாதிரி இருப்பவற்றை ஒருமுறை மட்டும் காட்டு என்று அதற்கு அர்த்தம். பக்கத்தைப் புதுப்பித்ததும் ஒரே ஒரு வாலு நின்றாள்.

அவன் நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்தான். போன் அடித்தது. மொட்டை. தலை நிறைய முடி வைத்துக்கொண்டிருக்கிற சக ஊழியன். வேலைக்குச் சேர்ந்த அன்று மொட்டைத் தலையோடு வந்த பாவத்துக்கு, முடி முளைத்து எட்டு வருஷமாகியும் பெயர் மாறவில்லை.

"மச்சான், உங்க வீட்டுப் பக்கத்தத்தான் நாளைக்குக் காட்டப்போறோம். மேல எண்ணிக்கை மூணுன்னு காட்டுது, கீழ ரெண்டு பேர்தான் இருக்காங்க. என்னடா செஞ்ச?"

"டிஸ்டிங்க்ட் போட்டேன்."

"கிழிஞ்சுது. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுருமா? எண்ணிக்கை வேற கொயரிடா. உள்ள ரெண்டு வரி இருக்கு. அதப் போய்ப் பாரு."

அது அவனுக்கும் தெரிந்ததுதான். ஸ்கிரிப்டை விட்டுவிட்டு நேராக டேட்டாபேஸைத் திறந்தான். கறுப்புத் திரையில் டேபிளைக் கேட்டதும் வந்தது: அப்பா, வாலு, வாலு. இரண்டு வாலு வரிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. சாதாரணமாக ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் இருக்கும், அதை வைத்து இது இது, அது அது என்று சொல்லிவிடலாம். இந்த டேபிளை அவசரத்தில் கட்டியபோது எண் வைக்கவில்லை. பேரும் அறையும் போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அப்புறம் என்பது இந்தத் தொழிலில் வருவதே இல்லை.

மறுபடி அதே கொயரியை ஓட்டினான்.

அப்பா — ஹால்.
வாலு — படுக்கையறை.
வாலு — சமையலறை.

சமையலறையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

"வாலு, தண்ணியில விளையாடாத. ஜுரம் இன்னும் போகல."

"நான் இங்க இருக்கேன்ப்பா," என்று பதில் வந்தது. படுக்கையறையிலிருந்து. டக் என்று ஒரு கட்டை வைக்கிற சத்தமும் கூடவே.

அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். யாரும் இல்லை. குழாயிலிருந்து நூலாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாலு கை கழுவ ஏறி நிற்கிற சின்ன முக்காலி, சுவரோரம் கிடப்பது, தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டிருந்தது. அதன்மேல் ஈரம். ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த பீரோவைத் திறந்தால் வருகிற வாசனை ஒன்று அங்கே நின்றது, பழைய துணியும் பூஞ்சையும் கலந்த மாதிரி, ஆனால் சமையலறையில் பீரோ ஏது? குழாயை மூடினான். முக்காலியைத் தள்ளி வைத்தான். காலையில் அவள் இழுத்துப் போட்டிருப்பாள், நான்தான் பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்னது ஒட்டவில்லை.

படுக்கையறையை எட்டிப் பார்த்தான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே ஒருத்தி. கையில் ஒரே ஒரு பட்டை. நெற்றியைத் தொட்டால் இளஞ்சூடு.

"சமையல்கட்டுக்குப் போனியா?"

"இல்லப்பா. நீ போன, சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்த, அப்புறம் மறுபடியும் போன."

"நான் ஒரு தடவதான் போனேன்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த கட்டையை எடுத்தாள்.

மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஸ்கிரிப்ட் ஒரு வரியைத் திருத்தும்போது, பெயர் வாலு என்று இருக்கிற வரியில் அறையை மாற்று என்றுதான் சொல்லும். அந்தப் பெயரில் இரண்டு வரி இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் மாற வேண்டும். கீழ் வரி மட்டும் தனியாகச் சமையலறைக்குப் போக வழியே கிடையாது. அவன் எழுதிய எந்த ஸ்கிரிப்டும் அதைச் செய்திருக்க முடியாது.

மொட்டைக்குப் போன் செய்தான். நடந்ததைச் சொன்னான். முக்காலியையும் சொன்னான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று சிரித்தான் மொட்டை. "ரெண்டு நாளா தூங்கியிருக்கமாட்ட. பழைய ஸ்கிரிப்ட் ஏதாவது பின்னால ஓடிக்கிட்டு இருக்கும். எல்லாத்தையும் நிறுத்திட்டுப் பாரு."

நிறுத்தினான். டேபிளில் எழுதக்கூடிய ஸ்கிரிப்டுகள் ஒவ்வொன்றையும் தேடித் தேடி நிறுத்தினான். வீட்டுக் கருவிகளின் இணைப்பையும் துண்டித்தான். ஹாலில், சமையலறையில், படுக்கையறை வாசலில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சைப் புள்ளிகள் அணைந்தன. இப்போது அந்த டேபிளைத் தொட உலகத்தில் யாரும் இல்லை, அவனுடைய பத்து விரல்களைத் தவிர. கிணறு வெட்டப் பூதம் கிளம்பாமல் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டு என்டரைத் தட்டினான்.

வாலு — படுக்கையறை.
வாலு — சமையலறை.

மறுபடி தட்டினான்.

வாலு — படுக்கையறை.
வாலு — ஹால்.

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன, பிறகு மொத்தமாகக் கொட்டியது, அந்த இரைச்சலுக்கு அடியில் படுக்கையறையின் டக், டக் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. மகள் அங்கேதான் இருக்கிறாள். அப்படியானால் ஹாலில் இருப்பது யார்?

ஹால் பெரிதில்லை. எதிரே சுவர். இடப்பக்கம் ஜன்னல். அவன் பார்க்காத இடம் ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால்.

பீரோ வாசனை வந்தது.

அவன் திரும்பவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், திரும்பமுடியவில்லை. நாற்காலியின் சாய்மானத்தில் ஏதோ கை வைத்த மாதிரி ஒரு சின்ன அழுத்தம். ஏழு வயதுப் பிள்ளை எட்டி நின்று பார்த்தால் எவ்வளவு உயரம் வருமோ, அந்த உயரத்தில் ஒரு மூச்சு. அவனுடைய தோளுக்கு மேலே திரையைப் படிக்கிற மூச்சு.

கால் ஆடுவது நின்றுபோயிருந்தது.

அப்போது அவன் ஒன்று செய்திருக்கலாம். ஹால் என்று இருக்கிற வாலு வரியை மட்டும் அழி என்று ஒரே வாக்கியம் அடித்திருக்கலாம். மகள் ஓர் அறையில், அது ஓர் அறையில், இரண்டும் தெளிவாகப் பிரிந்து நின்ற நேரம் அதுதான். அவனுக்கு அது தோன்றவே இல்லை. அவ்வளவு பயந்திருந்தான், பாவி.

மூச்சு விலகியது. ஈரக்கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம். படுக்கையறைப் பக்கம் போனது.

டக், டக் நின்றது.

படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

தாழ்ப்பாள் கதவின் மேல்கோடியில் இருக்கிறது. வாலு நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாது.

"வாலு!"

ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். தோளால் இடித்தான். ஒருமுறை. இன்னொருமுறை. கதவு அசையவில்லை. உள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பா, உள்ள வாப்பா."

அவள் குரல். அதற்குள்ளேயே, அதே இடத்திலிருந்து, அதே குரல்:

"அப்பா, வராதப்பா."

இரண்டும் அவள். அழுகை ஏறும்போது சுருதி உடைகிற இடம் உட்பட இரண்டும் அவள். பெற்றவன், ஏழு வருஷம் தூக்கி வளர்த்தவன், வித்தியாசம் தெரியாமல் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றான். அந்த ஒரு நொடியில் அவனுக்கு வந்த அவமானத்தைப்போல் வாழ்க்கையில் வந்ததில்லை.

கதவை உடைக்க அவனுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். மேசைக்கு ஓடி லேப்டாப்பை எடுத்துவந்து இடது கையில் ஏந்திக்கொண்டான். கதவுக்கு முன்னால் நின்று வலது கையால் தட்டினான்.

வாலு — படுக்கையறை.
வாலு — படுக்கையறை.

மொட்டையைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான். "மொட்டை, ரெண்டுல ஒண்ண அழிக்கணும். இப்பவே."

"என்னடா மூச்சு வாங்குது?"

"சொல்லுடா! ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. எப்படிப் பிரிக்கிறது?"

"பிரிக்க முடியாது. எண் வைக்கலையே நீ. டெலீட் போட்டு, கடைசியில லிமிட் ஒன்னுன்னு போடு. ஒரு வரியை மட்டும் தூக்கும்."

"எத?"

"எதத் தூக்குனா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே."

உள்ளே ஏதோ இழுபட்டது. கட்டைகள் சரிந்தன. "அப்பா." "அப்பா." "வா." "வராத." குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. எழுத்து தப்பியது. அழித்தான். மறுபடி அடித்தான்.

டெலீட். வாலு. லிமிட் ஒன்று.

"அப்பா!"

என்டர்.

மழை மட்டும் கேட்டது.

ஒரு வரி அழிக்கப்பட்டது என்று திரை சொன்னது. அவன் மறுபடி டேபிளைக் கேட்டான். அப்பா. வாலு. அவ்வளவுதான். மேலே தாழ்ப்பாள் தானாக வழுக்கி இறங்கியது, கதவு ஒரு விரலளவு திறந்தது.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டைகள் அறையெங்கும் சிதறிக் கிடந்தன. கட்டிலின் விளிம்பில் வாலு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒருத்தி. அவனைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினாள். லேப்டாப்பைத் தரையில் வைத்துவிட்டு, ஓடி, அள்ளி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் வாய்விட்டு அழுதான். அழுகைக்கு நடுவில் சிரித்தான். தலையைத் தடவினான், முதுகைத் தடவினான், ஒன்றும் ஆகவில்லையே, ஒன்றும் ஆகவில்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொண்டாள்.

தரையிலிருந்து மொட்டையின் குரல் வந்தது. போனை அணைக்க மறந்திருந்தான்.

"மச்சான், இருக்கியா? இங்க பக்கம் சரியா வருது. எண்ணிக்கை ரெண்டு. நாளைக்குப் பிரச்சினை இல்ல."

"சரிடா."

"பயந்தாங்கொள்ளி. சொன்னேன்ல? எதத் தூக்குனாலும் ஒண்ணுதான்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான், சும்மா கேட்பதுபோல: "மொட்டை, லிமிட் ஒன்னு போட்டா எந்த வரி போகும்?"

"பெரும்பாலும் மேல இருக்கிறதுதான். முதல்ல பதிஞ்சது எதுவோ அது. உன் கேசுல பழைய வாலு போயிருக்கும், புதுசா வந்து ஒட்டிக்கிச்சே, அது தங்கியிருக்கும். விடு, ரெண்டும் ஒண்ணு."

போன் அணைந்தது.

அவன் அசையவில்லை. சமையலறைக்குப் போனது கீழ் வரி. ஹாலில் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது கீழ் வரி. மேல் வரி கடைசிவரை படுக்கையறையை விட்டு நகரவே இல்லை, கட்டை அடுக்கிக்கொண்டு, அப்பா கூப்பிட்டால் பதில் சொல்லிக்கொண்டு.

மடியில் கனம் இருந்தது. கழுத்தில் கைகள் இருந்தன. சூடு மட்டும் இல்லை.

முகத்தைப் பார்க்கலாம் என்று தலையைச் சற்றுப் பின்னால் இழுத்தான். தோளில் புதைந்திருந்த முகம் இன்னும் ஆழமாகப் புதைந்துகொண்டது.

வாசலில் சாவி திரும்பியது. குடையை உதறுகிற சத்தம், செருப்பைக் கழற்றுகிற சத்தம். மனைவி நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே வந்தாள். படுக்கையறை வாசலில் நின்று சிதறிக் கிடந்த கட்டைகளைப் பார்த்தாள். தரையில் திறந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த அவனை நேராகப் பார்த்தாள், அவன் மடியைப் பார்த்தாள், காற்றை அணைத்தபடி வளைந்திருந்த அவன் கைகளைப் பார்த்தாள்.

"ஏங்க, என்ன இப்படி உக்காந்திருக்கீங்க?" என்றாள். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் குரல் மாறியிருந்தது. "ஏங்க. வாலு எங்க?"

அவன் வாயைத் திறந்தான். கழுத்தைச் சுற்றியிருந்த இரண்டு சின்னக் கைகளும் இறுகின.